பெரிய நகரமா, சின்ன ஊரா: குற்றக் கணக்கைப் பார்த்து ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேறு ஊருக்குக் குடிபோகலாமா என்று யோசிக்கும்போது வேலை, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்து முடித்த பிறகும் மனதில் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: அங்கே பயமில்லாமல் இருக்க முடியுமா? இதற்கு விடை தேடி இணையத்துக்குள் போனால் அட்டவணைதான் கிடைக்கும். ஒரு பக்கம் மக்கள்தொகை, மறுபக்கம் குற்ற விகிதம், மேலிருந்து கீழே நகரங்களின் பெயர்கள். பலர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய நகரம் என்றால் ஆபத்து, சின்ன ஊர் என்றால் நிம்மதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குகிறவர்கள்கூட இதை மட்டும் நம்பி முடிவெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஊரின் அளவு பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். நாம் நடக்கப்போகும் தெருவும் நம் வாழ்க்கை ஓடும் நேரமும்தான் மிச்சத்தைச் சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வகை ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: பெருநகரம், நடுத்தர நகரம், சிற்றூர்.

முதலில் பெருநகரம். கூட்டம் கூடினால் குற்றமும் கூடும் என்ற எண்ணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் உள்ளிட்டோர் 2007ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்க நகரங்களில் மக்கள்தொகை இரண்டு மடங்கானால் மொத்தச் சம்பளம், புதிய காப்புரிமைகள், கடுமையான குற்றங்கள் எல்லாமே இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதாகக் காட்டியது. குற்றத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால், 10 லட்சம் பேர் இருக்கும் நகரத்தைவிட 20 லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் தலைக்குச் சுமார் 12 சதவீதம் அதிகம் என்று வருகிறது. காரணங்களும் புரியக்கூடியவைதான். திருடனுக்குப் பெரிய நகரத்தில் கிடைக்கும் பொருள் அதிகம், முகம் தெரியாத கூட்டத்தில் கரைந்துவிடலாம், பிடிபடும் வாய்ப்புக் குறைவு.

ஆனால் இது ஒரு சராசரிக் கோடு. தனித்தனி நகரங்கள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று பார்த்தால் 12 சதவீதம் என்பதே மறந்துபோகும். டோக்கியோவையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்தால் சுமார் 3.7 கோடிப் பேர், உலகின் மிகப் பெரிய நகரத் தொகுதிகளில் ஒன்று. ஜப்பானில் கொலை விகிதமோ வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒன்றுகூட இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. இன்னொரு பக்கம் மெக்சிகோவில் கொலிமா என்ற நகரம். சுற்றுப்பகுதிகளையும் சேர்த்தே நான்கு லட்சம் பேர்கூட இல்லாத இடம். போதைப்பொருள் கும்பல்களின் மோதலால் 2022ல் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 180 என்ற அளவுக்குப் போனது. அதே நாட்டில் 90 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மெக்சிகோ சிட்டி அதன் பக்கத்தில்கூட இல்லை. கும்பல்களின் பிடி, துப்பாக்கி கிடைக்கும் எளிமை, காவல்துறைமேல் நம்பிக்கை, ஏற்றத்தாழ்வு, இளைஞர்களுக்கு வேலை, இவைதான் விகிதத்தை இழுத்துப்போகின்றன. மக்கள்தொகை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

ஒரே நகரத்தை இரண்டு காலங்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நியூயார்க்கில் 1990ல் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, அப்போது மக்கள்தொகை சுமார் 73 லட்சம். 2017ல் கொலைகள் 300க்கும் கீழே வந்துவிட்டன, மக்கள்தொகையோ பத்து லட்சத்துக்கும் மேல் கூடியிருந்தது. லட்சத்துக்கு 30 என்று இருந்தது சுமார் மூன்றரைக்கு இறங்கியது. கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் 1991ல் லட்சத்துக்கு 350க்கும் மேல், உலகிலேயே மோசமான நிலை, இன்று 20க்கும் கீழே. இரண்டு நகரங்களும் சுருங்கவில்லை, வளர்ந்தன. நகரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கதையை நம்பி இன்றைய முடிவை எடுக்காதீர்கள், கடைசி ஐந்து வருடக் கணக்கைப் பாருங்கள்.

பெருநகரத்தின் பக்கம் நின்று இன்னொன்றும் சொல்லவேண்டும். இரவு பதினொரு மணிக்கும் பேருந்தும் ரயிலும் ஓடும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கும். தாக்கப்பட்டவர் பிழைப்பதும் இறப்பதும் பல நேரம் எத்தனை நிமிடத்தில் அறுவை சிகிச்சை மேசைக்குப் போய்ச் சேர்கிறார் என்பதைப் பொறுத்தது. இது எந்தக் குற்ற அட்டவணையிலும் தனிப் பத்தியாக வருவதில்லை.

சரி, சிற்றூர். இதற்கு ஆதரவாகப் பேச நிறைய இருக்கிறது. வழிப்பறி, வாகனத் திருட்டு, வீடு புகுந்து திருடுவது போன்றவை பொதுவாகக் குறைவு, புதிய முகம் வந்தால் நாலு பேர் கவனிப்பார்கள், பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போகலாம். ஆனால் சிற்றூரின் குற்ற விகிதத்தை எண்ணாக எடுத்து ஒப்பிடுவது கிட்டத்தட்டப் பயனற்ற வேலை. 20,000 பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கொலையே இல்லை, விகிதம் பூஜ்யம், "மிகப் பாதுகாப்பான ஊர்" என்று பட்டியலில் வரும். அடுத்த வருடம் ஒரு குடும்பத் தகராறில் இரண்டு பேர் இறந்துவிட்டால் விகிதம் லட்சத்துக்கு 10, பல பெருநகரங்களைத் தாண்டிவிடும். ஊரில் எதுவும் மாறவில்லை, ஒரு வீட்டில் ஒரு துயரம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். சின்ன ஊர் என்றால் குறைந்தது ஐந்து வருடத்தை, முடிந்தால் பத்து வருடத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் பேசவேண்டும், அதுவும் கொலையை விட்டுவிட்டுத் திருட்டு, தாக்குதல் போன்ற எண்ணிக்கை அதிகமுள்ள குற்றங்களை வைத்து.

அப்புறம், உயிருக்கு ஆபத்து என்றாலே குற்றவாளியின் கையில் கத்தி என்று நினைக்கிறோம். உலக அளவில் 2021ல் கொலையால் இறந்தவர்கள் சுமார் 4,58,000 பேர். அதே வருடம் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர், இரண்டரை மடங்கு. அமெரிக்காவில் 2013ல் வெளியான ஓர் ஆய்வு விபத்து, கொலை, தற்கொலை எல்லாவற்றையும் சேர்த்து, காயத்தால் வரும் மரணங்களை மாவட்டவாரியாகப் பார்த்தது. நகரங்களில் கொலை அதிகம்தான், ஆனால் மொத்த ஆபத்து மிக ஒதுக்குப்புறமான பகுதிகளில்தான் பெருநகரப் பகுதிகளைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகம் என்று வந்தது. வேகமாக ஓட்டும் நீண்ட சாலைகள், எதற்கெடுத்தாலும் வண்டி எடுக்கவேண்டிய கட்டாயம், தூரத்தில் இருக்கும் மருத்துவமனை. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சின்ன ஊருக்குப் போகிறேன் என்று சொல்கிறவர்கள், அங்கிருந்து தினமும் எத்தனை கிலோமீட்டர் வண்டி ஓட்டப்போகிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இதைவிடக் கசப்பான ஓர் உண்மையும் உண்டு. ஐ.நா. கணக்குப்படி 2023ல் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்டார்கள், கொலையுண்ட பெண்களில் இது 60 சதவீதம். வீட்டுக்குள் நடப்பதை ஊர் மாற்றம் தானாகச் சரிசெய்யாது. வீட்டில் கொடுமையை அனுபவிக்கும் ஒரு பெண்ணுக்குச் சிற்றூர் சில நேரம் மேலும் இறுக்கமான இடம், ஏனென்றால் புகார் வாங்கும் காவலரே கணவனின் சிநேகிதனாக இருக்கலாம், தங்குமிடம் கிடையாது, யாருக்கும் தெரியாமல் வழக்கறிஞரைப் பார்க்கவும் முடியாது. இந்த ஒரு விஷயத்தில் பெருநகரத்தின் முகமறியாத் தன்மை உயிர்காக்கும் வசதி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடுத்தர நகரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பட்டியல்கள் மிக அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். காரணம், எல்லைக்கோடு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் "மிக ஆபத்தான நகரம்" பட்டியல்களில் அடிக்கடி முதலிடம் பிடித்த ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி நகர எல்லைக்குள் சுமார் 3 லட்சம் பேர், அந்த வருடம் 260க்கும் மேற்பட்ட கொலைகள், விகிதம் லட்சத்துக்கு 87 பக்கம் போனது. பயங்கரமான எண், அங்கே இழந்த உயிர்களும் உண்மை. ஆனால் அந்த நகரம் 1876ல் சுற்றியுள்ள மாவட்டத்திலிருந்து பிரிந்து, அன்று போட்ட கோட்டுக்குள்ளேயே இன்றும் இருக்கிறது. வசதியான புறநகர்களெல்லாம் கோட்டுக்கு வெளியே. நகரத் தொகுதி முழுவதையும் எடுத்தால் சுமார் 28 லட்சம் பேர், அதில் ஒன்பதில் ஒரு பங்குகூடக் கோட்டுக்குள் இல்லை. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் இதற்கு நேரெதிர். 1968ல் மாவட்டத்தோடு இணைந்துவிட்டதால் புறநகர், தோட்டம் துரவு எல்லாமே நகரக் கணக்கில் வருகின்றன. இந்த இரண்டு ஊர்களின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது, ஒருவருக்கு இடுப்பையும் இன்னொருவருக்குத் தோளையும் அளந்துவிட்டு யார் குண்டு என்று கேட்பதற்குச் சமம். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் தரவை வைத்து நகரங்களை வரிசைப்படுத்தவேண்டாம் என்று எச்சரிக்கிறது. அமெரிக்கக் குற்றவியல் சங்கமும் 2007ல் இந்தப் பட்டியல்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பட்டியல்கள் நின்றபாடில்லை.

விகிதம் கணக்கிட வகுக்கும் எண்ணில், அதாவது மக்கள்தொகையில், இருக்கும் சிக்கல் எல்லையோடு முடிவதில்லை. லண்டனின் நடுவில் இருக்கும் பழைய நிதி மையமான சிட்டி ஆஃப் லண்டனில் 2021 கணக்கெடுப்பின்போது குடியிருந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை, ஆனால் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அங்கே கைப்பேசியைப் பறிகொடுப்பவர் அநேகமாக வெளியிலிருந்து வந்தவர், ஆனால் விகிதத்தில் அவருடைய புகார் அந்த ஒன்பதாயிரத்தால்தான் வகுக்கப்படும். சில நூறு பேர் மட்டுமே குடியிருக்கும் வாடிகனுக்கும் இதே கதை: வருடத்துக்குப் பல லட்சம் பயணிகள், அவர்களைக் குறிவைக்கும் பிக்பாக்கெட்டுகள், தலைக்கு ஒரு குற்றத்துக்கும் மேல் என்று வரும் விசித்திரமான விகிதம். சுற்றுலா நகரம், பல்கலைக்கழக நகரம், பெரிய விமான நிலையம் உள்ள நகரம் எதுவானாலும் இந்த வீக்கம் இருக்கும். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பெருநகரங்களின் விகிதத்தை 2011 மக்கள்தொகையை வைத்தே கணக்கிட்டு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வேகமாக ஊதிப்பெருத்த நகரத்தில் குற்றங்கள் இன்றைய மக்களிடையே நடக்கின்றன, வகுப்பது பழைய மக்கள்தொகையால், ஆகவே விகிதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

வகுபடும் எண்ணுக்கும், அதாவது குற்றங்களின் எண்ணிக்கைக்கும், இதே அளவு சந்தேகம் தேவை. பதிவான குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு. அமெரிக்காவில் 1970களிலிருந்து வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பு, வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் குறைவாகத்தான் காவல்துறைக்குப் போகிறது என்று சமீப வருடங்களில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. புகார் கொடுத்தால் மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் ஊரில் எண் உயரும், காவல் நிலையத்துக்குப் போகவே பயப்படும் ஊரில் எண் தாழும். சட்டத்தின் வரையறையும் எண்ணும் முறையும்கூட எண்ணை மாற்றும். ஸ்வீடன் பாலியல் வன்முறைக்கான வரையறையை 2005லும் 2018லும் விரிவாக்கியது, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாக எண்ணுகிறது, அதனால் மற்ற நாடுகளோடு வைத்துப் பார்க்கும்போது எண் மிக உயரமாக நிற்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் ஒரு நகரத்தைக் "குறைந்த குற்றம்" என்று காட்டும் அட்டவணை பாதிதான் சொல்கிறது. நாடு விட்டு நாடு ஒப்பிடவேண்டுமானால் கொலை விகிதம் ஒன்றுதான் ஓரளவு நம்பகமானது, ஏனென்றால் உடலை மறைப்பது கடினம், வரையறையும் பெரும்பாலும் ஒன்றே. ஒரே நாட்டுக்குள் என்றால் வாகனத் திருட்டும் பரவாயில்லை, காப்பீட்டுத் தொகை வாங்கப் புகார் எண் தேவை என்பதால் பெரும்பாலும் பதிவாகிவிடும். நம்பியோ போன்ற தளங்களில் வரும் "குற்றக் குறியீடு" பயனர்கள் நிரப்பும் கருத்துக் கணிப்பிலிருந்து வருவது, ஊரைப் பற்றிய பயம் எவ்வளவு என்று காட்டும், அதற்கு மேல் அதிலிருந்து எதுவும் எடுக்காதீர்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். 1989ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தது. பாதி அழைப்புகள் மூன்று, மூன்றரை சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. பிறகு குற்றவியல் ஆய்வாளர் டேவிட் வைஸ்பர்டும் அவரது குழுவினரும் சியாட்டிலில் தெருத் துண்டுகளாகப் பிரித்து, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோதும் ஏறக்குறைய அதேதான்: ஐந்து சதவீதம் சுமாரான துண்டுகளில் பாதிக் குற்றம், அதுவும் வருடத்துக்கு வருடம் பெரும்பாலும் அதே துண்டுகளில். துண்டு என்றால் இரண்டு முக்குகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு தெருப் பகுதி. மோசமான ஒரு முக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் வருடம் முழுக்க ஒன்றும் நடக்காத தெரு இருக்கிறது. பெருநகரத்துக்கும் சிற்றூருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே நகரத்தின் இரண்டு தெருக்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரியது. "எந்த ஊர்" என்று கேட்பதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது "அந்த ஊரில் எந்தத் தெரு" என்பதற்குக் கொடுங்கள்.

அதற்கு நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வீட்டுத் தரகர் காட்டுவது பகல் பதினொரு மணித் தெரு. நீங்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு, பேருந்து நிறுத்தத்திலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, மரக்கிளை விளக்கை மறைக்கிறதா, திறந்த கடை ஒன்றாவது இருக்கிறதா, பெண்கள் தனியாக நடக்கிறார்களா, ஜன்னல்கள் தெருவைப் பார்த்து இருக்கின்றனவா, இல்லை இரு பக்கமும் நீளமான மதில் சுவரா. பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள், காலி வீடுகள் சேரும் இடத்தில் தொல்லையும் சேரும். வார நாளில் ஒரு முறை, சனிக்கிழமை இரவில் ஒரு முறை. அதே தெருவில் இரவு வேலை பார்க்கும் யாராவது, ஒரு காவலாளியோ மருந்துக் கடைக்காரரோ, இருந்தால் பேசுங்கள், அவர்கள் சொல்லும் ஐந்து நிமிடப் பேச்சு பல பட்டியல்களைவிட மேல். பல நகரங்களின் காவல்துறை குற்றங்களை வரைபடத்தில் வெளியிடுகிறது, அது கிடைக்கும் ஊரானால் புள்ளிகள் எங்கே குவிகின்றன, எந்த வகைக் குற்றம், எந்த நேரம் என்று பார்த்துவிட்டுப் போங்கள். வாகனத்துக்கும் வீட்டுக்கும் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டு முகவரிகளுக்கும் கேட்டு ஒப்பிடுவதும் நல்ல வழி, காப்பீட்டு நிறுவனம் பல நாடுகளில் இடத்தைப் பார்த்துத்தான் விலை வைக்கிறது, அதில் அவர்கள் காசு இருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? தனியாக வாழப்போகிற, இரவு நேர வேலைக்குப் போகிற இளைஞருக்கோ பெண்ணுக்கோ நான் தயங்காமல் பெருநகரத்தைச் சொல்வேன், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நடமாட்டம் உள்ள தெருவில், சின்ன அறையாக இருந்தாலும் சரி. கைப்பேசி பறிபோகலாம், சைக்கிள் பறிபோகலாம், ஆனால் திரும்பி வரும் வழியில் வெளிச்சமும் ஆட்களும் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நடுத்தர நகரம் என் முதல் தேர்வு, நகர எல்லையின் மொத்த விகிதத்தைக் கண்டுகொள்ளாமல், பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் குடியிருப்பை மட்டும் எடுத்துப் பார்க்கவேண்டும். நல்ல நடுத்தர நகரத்தில் மருத்துவமனையும் பக்கம், சாலையில் செலவழிக்கும் நேரமும் குறைவு. வயதானவர்களுக்குச் சிற்றூர் சரிவரும், ஒரு நிபந்தனையோடு: உறவோ பழகிய மனிதர்களோ அங்கே ஏற்கெனவே இருக்கவேண்டும். அக்கம்பக்கத்தார் கவனிப்பார்கள் என்பது பழகிய பிறகு கிடைப்பது, குடிபோன மறுநாளே கிடைக்காது.

முதியவர்களைப் பொறுத்தவரை இன்னொன்று. அவர்களுடைய சேமிப்புக்கு இன்று பெரிய ஆபத்து தெருவிலிருந்து வருவதைவிடத் தொலைபேசியிலிருந்துதான் வருகிறது. தெருக் குற்றம் மிகக் குறைவு என்று பேர் வாங்கிய சிங்கப்பூரில் 2024ல் மக்கள் மோசடிகளில் இழந்தது 100 கோடி சிங்கப்பூர் டாலருக்கும் மேல். இதற்கு ஊரின் அளவு பொருட்டே இல்லை. வங்கிக் கணக்கில் ஒருநாளைக்கு எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு போடுவது, பெரிய தொகை அனுப்பும் முன் பிள்ளைகளில் ஒருவரிடம் பேசுவது என்ற இரண்டு ஏற்பாடுகளையும் எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம், இடம் மாறும் குழப்பத்தில் இவை தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊர்களுக்கு நடுவில் மனம் ஊசலாடுகிறது, எண்களும் ஏறக்குறைய சமம் என்றால், வீட்டை வாங்காமல் முதலில் ஆறு மாதமோ ஒரு வருடமோ வாடகைக்கு இருந்து பாருங்கள், அதுவும் வாங்க நினைக்கும் அதே தெருவில். நாட்கள் நீண்டு மாலை வெளிச்சம் தங்கும் மாதங்களும் சீக்கிரம் இருட்டும் மாதங்களும் அந்தக் காலத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெருவின் மாலை நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது.